பத்துக்கு எத்தனை?

காய்கறிச் சந்தையில் அவளுக்குக் கிராம் அக்கா என்று பெயர். வைத்தவர் வெங்காயக் கடைக்காரர். அவருடைய தராசு இரண்டு கிராம் கூட்டிக் காட்டுகிறது என்று, கடை அடைக்கும் நேரத்தில் அவரை அரைமணி நேரம் நிற்க வைத்து அதைத் திருகிச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“ரெண்டு கிராம்தானேக்கா. ஒரு வெங்காயத் தோல் எடை. விடுங்க, வீட்டுக்குப் போகணும்.”

“ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு நிறுக்குறீங்க?”

“முந்நூறு பேர் வருவாங்க.”

“அப்போ தோல் இல்ல. அறுநூறு கிராம் வெங்காயம். யார் வீட்டு வெங்காயம் அது?”

மறுநாளிலிருந்து சந்தை முழுக்க அந்தப் பெயர்தான். தூரத்தில் அவளுடைய காக்கிப் பையைக் கண்டாலே, “கிராம் அக்கா வருது, தட்டைத் துடைங்கப்பா” என்று யாராவது குரல் கொடுப்பார்கள். பைக்குள் ஐந்தாறு திருப்புளிகள், ஒரு ரசமட்டம், பட்டுத் துணி விரித்த மரப்பெட்டியில் பித்தளை எடைக்கற்கள், அவற்றை எடுக்க ஓர் இடுக்கி. எடைக்கல்லை அவள் வெறுங்கையால் தொடமாட்டாள்; பெரிய கல் என்றால் கையுறை. விரல் ரேகையில் ஒட்டும் எண்ணெய்க்கும் எடை உண்டு. யாரோ சொல்லிக் கேட்டதல்ல; அவள் வேலை பார்க்கும் தராசுப் பட்டறையில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் நுண்தராசில் ஒருநாள் தானே நிறுத்துப் பார்த்தது.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே ஒரு சண்டையில்தான். அதற்கு முன்பு பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை. கட்டிய எடைக்குத்தான் கூலி. எவ்வளவு வேகமாகக் கட்டினாலும் எல்லோருக்கும் கொஞ்சம் குறைவாகவே வந்தது. மற்றவர்கள் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டார்கள். அவள் ஒருநாள் கடையிலிருந்து பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போய்த் தொழிற்சாலைத் தராசில் வைத்தாள். தொள்ளாயிரத்து நாற்பது. எடுத்து வைத்தாள். தொள்ளாயிரத்து நாற்பது. மூன்றாம் முறையும் அதேதான். முக்காலிமேல் ஏறி நின்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள். அடுத்த வாரம் அவளுக்கு வேலை இல்லை. அந்தத் தராசைச் சரிசெய்ய வந்த பட்டறைக்காரர், “ஏறி நின்னு சொன்ன பொம்பளை எங்க இருக்கு?” என்று விசாரித்து வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு ஆண்டுகளாகி விட்டன. அவளிடம் மூன்று வழக்கங்கள் உண்டு. மூன்று முறை நிறுக்காமல் எதையும் நம்பமாட்டாள். ஒரே நேரத்தில் இரண்டு திருகைத் தொடமாட்டாள். தொட்டால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும். நிறுக்கும்போது கடைக்காரர் முகத்தைப் பார்க்கமாட்டாள். முகத்தைப் பார்த்தால் கை தன்னையறியாமல் இரக்கப்படும் என்பாள்.

இப்படிப்பட்டவளின் வீட்டில், எந்தத் தராசிலும் ஏறாத ஒன்று வந்து உட்கார்ந்தது.

அவளுடைய மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவார்கள். வாயாடி. அப்பா ஓட்டும் நகரப் பேருந்தில் ஏறினால் நடத்துநருக்கு முன்பே நிறுத்தங்களின் பெயரைக் கத்துவாள். அந்தப் பிள்ளைக்கு ஒரு பருவ விடுமுறை முடிந்ததும் காலையில் வயிற்றுவலி தொடங்கியது. பிறகு வாந்தி. பிறகு பள்ளிப் படிக்கட்டின் கீழே நின்று நடுங்க ஆரம்பித்தாள். வகுப்பு மாடியில். இருபத்திரண்டு படிகள். மூன்றாவது படிக்கு மேல் கால் ஏறவில்லை.

“யாராச்சும் அடிச்சாங்களா? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள் அம்மா.

“இல்லம்மா. மேல போனா ஏதோ ஆயிடும்னு இருக்கு.”

“என்ன ஆகும்?”

“தெரியலம்மா. ஆயிடும்.”

வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரி. வயிற்று மருத்துவரே, பயம்தான் வயிற்றில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லி, குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அனுப்பினார். ஐந்து மாதம் வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சி. மூச்சை எப்படி விடுவது, பயம் வரும்போது ஓடாமல் எப்படி நிற்பது, இன்றைக்கு ஓர் அடி கூடுதலாக எப்படி வைப்பது. அதனால் பலன் இருந்தது. வீட்டு வாசலைத் தாண்டாத பிள்ளை பள்ளிக்குள் வந்து, தலைமையாசிரியை அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து பாடம் எழுதத் தொடங்கினாள். அந்தப் பெஞ்சு தெருவிலிருந்தே கம்பிக் கதவு வழியாகத் தெரியும். எதிரில் பேருந்து நிறுத்தம். அப்பா காலையில் மூன்று முறை அந்த வழியாக வருவார். ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். சுண்டு நோட்டிலிருந்து தலையெடுக்காமலே கையை உயர்த்துவாள்.

பெஞ்சோடு எல்லாம் நின்றுவிட்டது. மருத்துவர் மாத்திரை தொடங்கலாமா என்று கேட்டார்.

அடுத்த முறை கிராம் அக்கா பத்தொன்பது கேள்விகளோடு போனாள். ஒரு தாள் முழுக்க, வரிசை எண் போட்டு. மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறையில் போட்டார்.

“இது எல்லாருக்கும் வேலை செய்யுமா?”

“இல்ல. பேச்சுப் பயிற்சியோட சேத்துக் குடுத்தா பாதிப் பேருக்கு மேல நல்லா தேறுறாங்க. மத்தவங்களுக்கு வேற வழி பாக்கணும்.”

“எப்போ தெரியும்?”

“நாலு வாரம், ஆறு வாரம். சில பிள்ளைங்களுக்கு இன்னும் கூட. முதல் சில நாள் குமட்டும், படபடப்பு கூடலாம். தன்னைக் காயப்படுத்திக்கிற மாதிரி ஏதாவது பேசினா, அபூர்வம்தான், ஆனா பேசினா அன்னைக்கே எனக்குப் போன் பண்ணணும். நீங்களா நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது.”

“உள்ள போய் என்ன பண்ணுது?”

“கொஞ்சம் தெரியும். முழுசா யாருக்கும் தெரியாது.”

அந்தப் பதிலில்தான் கிராம் அக்காவுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மெக்கானிக்கை அவள் அதிகம் பார்த்ததில்லை.

இருபதாவது கேள்வி சுண்டுவுடையது. “டாக்டர், எது பயம்னு மாத்திரைக்கு எப்படித் தெரியும்?”

மருத்துவர் கொஞ்சம் யோசித்தார். “தெரியாது. உன் தலைக்குள்ள ரேடியோ சத்தத்தை யாரோ ரொம்பக் கூட்டி வெச்சிருக்காங்க. மாத்திரை அதைக் கொஞ்சம் குறைக்கும். என்ன பாட்டு ஓடுதுன்னு அதுக்குத் தெரியாது. குறைஞ்சதும் படி ஏற வேண்டியது நீதான்.”

“ஏற மாட்டேன்னு சொன்னா?”

“அப்போ சத்தம் கம்மியா கீழ உக்காந்திருப்ப.”

சுண்டு சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு.

அரை மாத்திரை. காலையில் ஒரு வேளை. சேதி எப்படியோ நாத்தனார் காதுக்குப் போக, ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வந்து நின்றார்.

“பைத்தியத்துக்குக் குடுக்குற மாத்திரையாமே! பச்சப் பிள்ளைக்கு! நாலு அடி போட்டு அனுப்பினா தன்னால ஏறுவா. நீ குடுக்குற இடம் அப்படி.”

“அண்ணி, உங்க பையன் மூச்சு வாங்குனா என்ன பண்றீங்க?”

“இன்ஹேலர் குடுப்பேன். அது நோய்.”

“நாலு அடி போட்டா தன்னால மூச்சு விடமாட்டானா?”

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். அவர் வெகு அக்கறையாகத் தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டிருந்தார். “என்னைப் பாக்காதக்கா, நான் பஸ்ஸ மட்டும்தான் ஓட்டுறேன்” என்றார்.

நாத்தனாரைவிடத் தலைமையாசிரியையிடம்தான் பெரிய தடை காத்திருந்தது. மருந்து பற்றிப் பள்ளிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கடிதத்தைப் படித்துவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்த மாதிரி மாத்திரை சாப்பிடுற பிள்ளைய மத்த பிள்ளைங்களோட உக்கார வெச்சா, நாளைக்குப் பெத்தவங்க என்னைத்தான் கேப்பாங்க.”

அவருடைய மேசையில் தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் பாதி காலியான மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது.

“அது எதுக்கு மேடம்?”

“எது? இதுவா? எனக்குப் பிரஷர்.”

“எத்தனை வருஷமா?”

“ஏழு.”

“ஏழு வருஷமா மாத்திரை போட்டுக்கிட்டு ஐந்நூறு பிள்ளைங்கள மேய்க்கிறீங்க. என் பொண்ணு அரை மாத்திரை போட்டுக்கிட்டு ஒரு பெஞ்சுல உக்காரக் கூடாதா?”

தலைமையாசிரியை அட்டையை இழுப்பறைக்குள் தள்ளினார். “சரி, மாத்திரையப் பத்தி நான் பேசல. ஆனா வருஷம் பூரா ஆபீஸ் வாசல்ல உக்கார வெச்சு மேல் வகுப்புக்கு அனுப்ப முடியாது. பருவம் முடியப் பதினாறு வாரம் இருக்கு. அதுக்குள்ள மேல போய் உக்காரணும். இல்லன்னா வேற இடம் பாத்துக்கோங்க.”

கால் உடைந்த பிள்ளைக்கு இப்படிக் கெடு வைத்திருக்கமாட்டார்கள். வகுப்பையே கீழே இறக்கியிருப்பார்கள். பயத்துக்குக் கட்டுப் போட்டு வெளியே காட்ட முடிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கிராம் அக்கா வழியெல்லாம் இதையே தனக்குள் சொல்லிச் சொல்லிக் கொதித்தாள். ஆனால் வீட்டுக்குப் போனதும் செய்தது வேறு. நாள்காட்டியில் பதினாறு வாரங்களை எண்ணிச் சின்னச் சின்னப் புள்ளி வைத்தாள்.

மாத்திரையின் நடுவில் ஒரு கோடு இருந்தது. அதில் உடைத்தால் அரை. முதல் நாள் உடைத்ததுமே அவளுக்குக் கண் உறுத்தியது. இரண்டு பாதியும் ஒன்றுபோல் இல்லை. காகிதத்தில் மடித்துப் பட்டறைக்கு எடுத்துப் போனாள். காற்றாடியை நிறுத்தினாள், ஜன்னலை அடைத்தாள், கண்ணாடிக் கூண்டுக்குள் இடுக்கியால் வைத்தாள். அறுபத்தொரு மில்லிகிராம். மற்றது எழுபத்தொன்று. மூன்று முறை. பிறகு கூடுதலாக இருந்த பாதியைச் சவர பிளேடால் சீவத் தொடங்கினாள். ஒரு வாரத்துக்குள் வீட்டில் ஒரு சின்ன டப்பாவில் பதினான்கு பாதிகள், ஒவ்வொன்றும் அறுபத்தொன்று. சீவிய தூளை ஒட்டவைக்கத்தான் வழி தெரியவில்லை.

“மாத்திரையா, வைரமாடி இது?” என்றார் கணவர். “எங்க டிப்போ மெக்கானிக் இப்படிப் பாத்தா ஒரு பஸ்ஸும் வெளிய போகாது.”

மருத்துவர் அந்த டப்பாவைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு மரியாதையாக விளக்கினார். “இந்த மருந்து தட்டுல வெச்ச கல்லு மாதிரி இல்ல. தொட்டித் தண்ணி மாதிரி. தினம் கொஞ்சம் ஊத்துறோம், தினம் கொஞ்சம் கசிஞ்சு போகுது. இன்னைக்கு ஒரு கரண்டி குறைஞ்சு நாளைக்கு ஒரு கரண்டி கூடினா, தொட்டி மட்டம் பெருசா மாறாது. சீவாதீங்க. சீவுறப்போதான் மருந்து வீணாப் போகுது.”

கிராம் அக்கா வெட்கப்பட்டாள். கூடவே அவளுக்கு ஆனந்தமாகவும் இருந்தது. இத்தனை நாள் நிறுத்தது எல்லாம் நின்ற பொருள். கசிந்துகொண்டே இருக்கும் ஒன்றை நிறுப்பது பற்றி அவள் யோசித்ததே இல்லை. பேருந்தில் திரும்பும்போது தொட்டிக்கணக்கு ஒன்றைத் தாளின் பின்பக்கம் போட்டுக்கொண்டே வந்தாள்.

மாத்திரையை நிறுப்பதை விட்டவள் மகளை நிறுக்க ஆரம்பித்தாள். மருத்துவர் சொன்னதுதான் தொடக்கம்: “பயம் பத்துக்கு எத்தனைன்னு எப்பவாவது கேட்டுக் குறிச்சு வைங்க.” எப்பவாவது என்பது அவள் காதில் விழவில்லை. தினமும் மாலை நாலரைக்கு, பள்ளிப் பையை இறக்கியதும், கேள்வி தயாராக இருக்கும்.

“பத்துக்கு எத்தனை?”

பென்சில், கோடு போட்ட நோட்டு, தேதி. முதல் இரண்டு நாள் ஒன்பது. பிறகு எட்டு. நான்காம் வாரம் ஏழு. ஐந்தாம் வாரம் ஆறு. எட்டாம் வாரம் முடியும்போது மூன்று. நோட்டைப் பார்த்த மருத்துவர் மகிழ்ந்தார். “படி இன்னும் மூணுதான் ஏறுறாளா? பரவாயில்ல. பயம் இறங்கியிருக்கு, கால் பின்னால வரும். இதே அளவு தொடரட்டும்.” நாள்காட்டியில் எட்டுப் புள்ளிகள் மிச்சம் இருந்தன.

அந்த வாரம் அவள் ஒரு மாவு மில்லுக்குப் போனாள். மில்லில் பெரிய மேடைத்தராசு. தினமும் காலையில் இருபது கிலோக் கல்லை அதில் வைத்து, என்ன காட்டுகிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். மில்காரர் பதிவேட்டை நீட்டினார். அறுபது நாள். இருபது, இருபது, இருபது. ஒரு கிராம் அசையவில்லை.

“மொத்தத்தையும் இன்னைக்குக் காலையிலதான எழுதினீங்க?”

மில்காரரின் மாவு படிந்த மீசை மேலே போனது. “எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க? மை கூட மாத்தி மாத்தித்தான எழுதினேன்?”

“தராசு இப்படி எழுதாதுங்க. ஒரு நாள் அஞ்சு கூட்டும், ஒரு நாள் மூணு குறைக்கும். மழை பெஞ்சா ஒண்ணு, வெயில் அடிச்சா ஒண்ணு. உண்மையா நிறுத்தது எதுவும் இவ்வளவு ஒழுங்கா...”

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

“என்னக்கா?”

அவள் கோதுமை மூட்டையின்மேல் உட்கார்ந்தாள். பைக்குள்ளிருந்து இன்னொரு நோட்டை எடுத்தாள். எட்டு, எட்டு, எட்டு. ஏழு, ஏழு, ஏழு. வாரம் முழுக்க ஒரே எண். திங்கட்கிழமை ஆனால் ஒன்று குறையும். மழை பெய்த நாளும் அதே. வகுப்புத் தேர்வு இருந்த நாளும் அதே. காய்ச்சலில் படுத்திருந்த நாளும் அதே.

வீட்டுக்கு வந்தபோது மதியம் மூன்று மணி. துவைக்கப் போட்டிருந்த பள்ளிச் சட்டைகளை எடுத்துப் பார்த்தாள். மூன்று சட்டையிலும் இடது கையின் விளிம்பு கடித்துக் கடித்து நூல் நூலாகத் தொங்கியது. எட்டு வாரமாக அவள் கைதான் இவற்றைத் துவைத்தது. கண்ணுக்கு நோட்டு போதுமானதாக இருந்திருக்கிறது.

நாலரைக்குச் சுண்டு வந்தாள். அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நோட்டு எடுக்கவில்லை.

“சுண்டு, இங்க வா. ஒண்ணு கேக்கணும்.”

“மூணு.”

“நான் இன்னும் கேக்கவே இல்லையே.”

பிள்ளை திருதிருவென விழித்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பட்டாணியை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். அவளுடைய இடது சட்டைக் கை ஈரமாக இருந்தது.

“திட்டல. எனக்குத் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். நம்பரை எப்படி முடிவு பண்ணுவ?”

சுண்டு உரித்த பட்டாணியை விரலால் உருட்டினாள்.

“உன் மூஞ்சியப் பாத்து.”

“என் மூஞ்சியிலயா?”

“ஒன்பதுன்னு சொன்ன அன்னைக்கு நீ சாப்பிடல. அப்பாகிட்டயும் பேசல. எட்டுன்னு சொன்னேன், பாதி சாப்பிட்ட. ரொம்ப சீக்கிரம் குறைச்சா நீ கண்டுபிடிச்சிருவ. அதான் வாரத்துக்கு ஒண்ணா குறைச்சேன்.” கொஞ்சம் நிறுத்தி, “மூணு வந்ததும் நீ பாட்டெல்லாம் பாடின” என்றாள்.

அம்மாவின் மடியிலிருந்து இரண்டு பட்டாணி உருண்டு ஓடின. யாரும் எடுக்கவில்லை.

“நெஜமா எத்தனை?”

“இன்னைக்கு ஒன்பது. நேத்து... ஞாபகம் இல்லம்மா. நான் உனக்குச் சொல்ல வேண்டிய நம்பரைத்தான் நெனச்சிட்டு இருந்தேன்.”

நிறுக்கும்போது கடைக்காரர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று பன்னிரண்டு ஆண்டாகச் சொல்லிவந்தவள், தராசு தன் முகத்தைப் பார்க்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் இன்னொரு எண் கற்றுக்கொடுத்ததாகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

“சரி. இந்த நோட்டு இனிமே வேண்டாம்.”

“நெஜமாவா? அப்போ பின்னாடி பக்கத்துல படம் வரையலாமா?”

“டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டுத் தரேன்.”

மறுநாளே மருத்துவரிடம் போனார்கள். கிராம் அக்கா நோட்டை மேசையில் வைத்தாள். “இந்தத் தராசு சரியில்ல டாக்டர். பழுது என்கிட்ட.” நடந்ததைச் சொன்னாள்.

மருத்துவர் பக்கங்களைத் திருப்பினார். “என்கிட்டயும்தான். இவ்வளவு அழகா இறங்குறப்போ நானே சந்தேகப்பட்டிருக்கணும். நல்ல சேதின்னா நாம யாரும் குறுக்குக் கேள்வி கேக்குறதில்ல.” நோட்டை மூடினார். “எட்டு வாரம் இந்த அளவு அவளுக்குப் போதாம இருந்திருக்கு. நமக்குத் தெரியல. இனிமே அவகிட்ட நான் தனியா கேக்குறேன். நீங்க ரெண்டு பேரும் வெளிய உக்காருங்க. அவ என்ன சொன்னாலும் உங்க மூஞ்சி அங்க இருக்காது.”

வெளியே இருந்த நாற்காலிகளைத் தரையோடு திருகி வைத்திருந்தார்கள். உள்ளே என்ன பேச்சு என்று கேட்கவில்லை. ஒருமுறை மட்டும் சுண்டு எதற்கோ கோபமாகக் கத்துவது கேட்டது. கிராம் அக்கா எழுந்துவிட்டாள். கணவர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். “உக்காரு. கத்துறான்னா உண்மையச் சொல்றான்னு அர்த்தம்.”

அரை மாத்திரை முழு மாத்திரை ஆனது. அடுத்த ஐந்து நாள் சுண்டு ஓரிடத்தில் உட்காரவில்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள், ஒரு பென்சிலை இரண்டாக உடைத்தாள். அம்மா மருத்துவருக்குப் போன் செய்தாள். அவர், சுண்டு தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றி ஏதாவது பேசினாளா, தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, சுண்டுவிடமும் பேசி, இரண்டு நாள் பார்க்கலாம் என்றார். ஆறாம் நாள் அது தணிந்தது.

கேட்காமல் இருப்பதுதான் கிராம் அக்காவுக்குப் பெரிய தண்டனை. நாலரை மணிக்கு நாக்கு நுனிக்கு வரும். எச்சிலோடு விழுங்குவாள்.

“ரொம்ப முட்டுதுன்னா என்னைக் கேளு” என்பார் கணவர். “இந்த ஊர் டிராபிக்ல எனக்குப் பத்துக்குப் பதினொண்ணு.”

சேதி வேறு வழியில் வந்தது. சுண்டு தான் ஏறிய படிக்கு நேராகச் சுவரில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடுகிறாள் என்று பள்ளி ஆயா சந்தையில் சொன்னாள். நான்கு. ஆறு. மறுபடி நான்கு. ஒன்பது. அப்புறம் மூன்று நாள் ஒன்றுமே இல்லை. பிறகு பதினொன்று. கேட்டுக்கொண்டிருந்த கிராம் அக்காவின் கண் விரிந்தது. கூடியும் குறைந்தும் ஒழுங்கற்றுப் போகும் அந்த எண்களை அவள் உடனே நம்பினாள். சுவரில் கிறுக்கினால் அந்தப் பள்ளியில் தண்டனை உண்டு. தலைமையாசிரியை கோடுகளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை என்றாள் ஆயா. அந்த ஒன்றுக்காக அவரைக் கொஞ்சம் மன்னிக்கலாமா என்று கிராம் அக்கா யோசித்தாள். பருவம் முடியட்டும் என்று தள்ளிவைத்தாள்.

பதினைந்தாம் வாரம், செவ்வாய்க்கிழமை. பள்ளிக் கம்பிக் கதவருகில் சுண்டு நின்றுவிட்டாள். பையின் வாரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா.”

“ம்.”

“உனக்கு எத்தனை? பத்துக்கு.”

மூணு என்ற சொல் வாய்வரை வந்தது. அவள் திரும்பி மகளைப் பார்த்தாள். முகத்தை மறைக்கவில்லை.

“எட்டு.”

“எட்டா!” பிள்ளைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “பெரியவங்களுக்குக் கூடவா?”

“ஆமா. எட்டு. சில நாள் ஒன்பது.”

“அப்புறம் எப்படி வேலைக்குப் போற?”

“எட்டோடதான் போறேன்.”

சுண்டு அதைக் கொஞ்ச நேரம் மென்று பார்த்தாள். “எனக்கு இன்னைக்கு ஆறு. அப்போ நான்தான் கம்மி” என்றாள். வாரை ஒருமுறை இறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கிராம் அக்கா அங்கே நிற்கவில்லை. அன்றைக்கு மாவு மில்லில் வேலை. இருபது கிலோக் கல்லைத் தராசின் மூன்றாவது மூலைக்கு நகர்த்தும்போது போன் அடித்தது. பேருந்து நிறுத்தத்தின் இரைச்சல், நடுவில் கணவரின் குரல்.

“ஹாரன் அடிச்சேன்.”

“சரி.”

“ரெண்டு தடவை அடிச்சேன். யாரும் கை காட்டல. பெஞ்சு காலியா இருக்குடி.”

அவள் கல்லை மெதுவாகத் தரையில் இறக்கினாள். போனை எடுக்கக் கையுறையைக் கழற்றியவள், வாழ்க்கையில் முதல்முறையாக அதை வெறுங்கையால் பிடித்திருந்தாள். மில்காரர் மாவு மீசையோடு எட்டிப் பார்த்தார்.

“கேக்குதா? காலியா இருக்கு! ஆயா மாடியைக் கை காட்டுது!”

“அடுத்த டிரிப்புலயும் பாருங்க” என்றாள். குரல் உடைந்து கொஞ்சம் சிரிப்பும் கலந்திருந்தது. “அதுக்கு அடுத்த டிரிப்புலயும். மூணு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க.”